நிலக்கரியின் மேல் நிற்கும் வரவு செலவுகள்: தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் 57 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் இராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கரண்ட் பில், காற்றாலைக் கணக்கு, வங்கி வட்டி இவைதான் என் மேசையில் அன்றாடம் கிடப்பவை. சில ஆண்டுகளாக இவற்றோடு இன்னொரு தாளும் சேர்ந்திருக்கிறது. நூல் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் படிவம் அது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கேட்கிறார்கள். மின்வாரியத்திடம் வாங்கிய யூனிட்டுகளுக்கு எதிரே, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் எண்ணைப் போட வேண்டும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. எங்கள் ரகத்துக்குக் கிலோவுக்கு நாலு யூனிட் செலவாகிறது. ஆக, ஒரு கிலோ நூலோடு கிட்டத்தட்ட மூன்று கிலோ புகையையும் சேர்த்து எழுதி அனுப்புகிறோம்.

அந்த 0.7 நாடு முழுவதற்கும் ஒரே எண். நாட்டின் மின்கம்பிகளை இணைக்கும் மின்தொகுப்பு (கிரிட்) ஒன்று என்பதால் எண்ணும் ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி நடக்கும் ஆலையும், சிங்ரௌலி நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் இருக்கும் ஆலையும் வாரியத்திடம் வாங்கும் யூனிட்டுக்கு அதே எண்ணைத்தான் போட வேண்டும். எங்கள் முதலாளியால் அதை மாற்ற முடியாது. தமிழக அரசாலும் தனியாக முடியாது. அதைத் தீர்மானிக்கும் விதிகள், வரிகள், ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டெல்லியில் முடிவாகின்றன. நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

காலநிலை பற்றிய பேச்சு அவையில் எழும்போது இரண்டு வாதங்கள் வருகின்றன. இந்தியரின் தலா உமிழ்வு, அதாவது ஆளுக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, ஆண்டுக்கு இரண்டு டன்னை ஒட்டித்தான் இருக்கிறது, அமெரிக்கருக்குப் பதினான்கு டன் போல, உலகச் சராசரியே நாலரை டன்னுக்கு மேல், ஆகவே நம்மைக் குறை சொல்லாதீர்கள் என்பது ஒன்று. வளர்ச்சி வேண்டுமானால் புகையும் வரத்தான் செய்யும் என்பது இன்னொன்று. முதல் வாதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். காற்று மண்டலத்தில் இதுவரை சேர்ந்திருப்பதில் பெரும்பங்கு நம்முடையது இல்லை. அதைச் சர்வதேச மேடைகளில் உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாதத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஏற்க முடியாது.

யோயிச்சி காயா என்ற ஜப்பானிய அறிஞர் இதற்கு ஒரு எளிய வாய்பாடு தந்திருக்கிறார். ஒரு நாட்டின் உமிழ்வு நான்கு எண்களின் பெருக்குத்தொகை: மக்கள்தொகை, தலா வருமானம், ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல், ஒரு அலகு ஆற்றலுக்கு வெளியேறும் கார்பன். நம் நாட்டை இதில் வைத்துப் பாருங்கள். 1990இல் நம் உமிழ்வு சுமார் 60 கோடி டன். 2024இல் சுமார் 320 கோடி டன், அதாவது ஐந்து மடங்குக்கு மேல். இதே காலத்தில் மக்கள்தொகை ஒன்றரை மடங்கைத் தாண்டியது. விலைவாசி உயர்வைக் கழித்த தலா வருமானம் நாலு மடங்கைத் தாண்டியது. இந்த இரண்டை மட்டும் பெருக்கினாலே ஏழு மடங்கு ஆகியிருக்க வேண்டும். ஐந்து சொச்சத்தோடு நின்றதற்குக் காரணம், ஒரு ரூபாய் சம்பாதிக்க நாம் செலவழிக்கும் ஆற்றல் நன்றாகக் குறைந்ததுதான். புதிய இயந்திரங்கள் வந்தன. சேவைத் துறை வளர்ந்தது. அரசே மொத்தமாக டெண்டர் விட்டு எல்.இ.டி. பல்பின் விலையை 300 ரூபாய்க்கு மேலிருந்து சில ஆண்டுகளில் நூறுக்குக் கீழே கொண்டுவந்து, உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் விநியோகித்தது. எங்கள் ஆலையிலேயே பழைய மோட்டார்களை மாற்றியபோது மின் செலவு எப்படி இறங்கியது என்பதைக் கணக்கில் பார்த்தவன் நான். இவையெல்லாம் உண்மையான சாதனைகள்.

மக்கள்தொகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பு விகிதம் ஏற்கெனவே இறங்கிவிட்டது, அதிலும் தமிழ்நாட்டில் எப்போதோ. தலா வருமானம் குறைய வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. 2020 ஊரடங்கில் இந்தியாவின் உமிழ்வு குறைந்தது. அந்தக் குறைவு எப்படி வந்தது என்பதை நடந்தே ஊர் போன வடமாநிலத் தொழிலாளர்களிடம் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட குறைவு நமக்கு வேண்டவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது நான்காவது எண், ஆற்றலில் இருக்கும் கார்பன். இந்த எண் நம் நாட்டில் 1990க்குப் பிறகு குறையவில்லை, கூடியிருக்கிறது. இதில் ஒரு பகுதி நல்ல காரணத்தால் வந்தது. அன்று கிராமத்து அடுப்புகளில் விறகும் வரட்டியும் எரிந்தன. உமிழ்வுக் கணக்கில் விறகுப் புகையை இந்த வகையில் சேர்ப்பதில்லை, மரம் திரும்ப வளரும் என்ற அடிப்படையில். அந்த அடுப்புக்குப் பதில் சமையல் எரிவாயு வந்தால் பெண்களின் நுரையீரல் தப்பிக்கும், நாட்டின் கார்பன் கணக்கு கூடும். அந்தக் கூடுதலுக்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் பெரும்பகுதி அடுப்படியிலிருந்து வரவில்லை, மின்சாரத்திலிருந்து வருகிறது. இந்தியாவின் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதி மின் உற்பத்தியில் வெளியாகிறது. நம் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

இங்கேதான் ஒரு எண்ணைக் கவனமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத வழிகளில் வந்துவிட்டது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. 2030க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது பெருமைக்குரியதுதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையம் நாளொன்றுக்கு 5,000 யூனிட் போலத் தரும். ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் 16,000 யூனிட் போலத் தரும். படிவத்தில் நான் போடும் 0.7, யூனிட்டை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால்தான் இத்தனை சூரியப் பலகைகள் வந்த பிறகும் அந்த எண் பெரிதாக அசையாமல் இருக்கிறது.

சரி, ஏன் அசையவில்லை? நிலக்கரி மலிவு, அதனால் விட முடியவில்லை என்பார்கள். புதிதாகக் கட்டும் மின்நிலையங்களை எடுத்தால் இது இப்போது உண்மை இல்லை. சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட் இரண்டரை ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 2020இல் குஜராத்தில் இரண்டு ரூபாய்க்கும் ஒரு பைசா கீழே போனது. அதே நேரம், 2022இல் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதம் உக்ரைன் போர். இறக்குமதி நிலக்கரி விலை தாறுமாறாக ஏறியது. கோடையில் மின்தேவை உச்சத்துக்குப் போனபோது, வெளிநாட்டு நிலக்கரியைப் பத்து சதவீதம் கலந்தே ஆக வேண்டும் என்று மத்திய மின்துறை மாநிலங்களை வற்புறுத்தியது. நிலக்கரிச் சுரங்கமே இல்லாத மாநிலம் தமிழ்நாடு. நமக்கு இருப்பது நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் கரி ஒடிசாவின் தால்சரிலிருந்து ரயிலில் பாரதீப் போய், அங்கிருந்து கப்பலேறி வருகிறது. தோண்டும் செலவைவிடக் கொண்டுவரும் செலவு நமக்குப் பெரிது.

நிலக்கரி நிற்பது மலிவால் அல்ல, அதன் மேல் கட்டப்பட்டிருக்கும் பல பேருடைய வரவு செலவால். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இதுதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மின்கொள்முதல் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையத்தோடு மின்வாரியம் போடும் ஒப்பந்தம் பொதுவாக 25 ஆண்டுக்கு. கட்டணம் இரண்டு பங்கு. எரித்த கரிக்கு ஒரு பங்கு. நிலையத்தைத் தயாராக வைத்திருப்பதற்கு நிலைக்கட்டணம் என்று இன்னொரு பங்கு. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். ஆகவே மலிவான காற்று மின்சாரம் வாசலில் நின்றாலும், ஏற்கெனவே காசு கட்டிவிட்ட கரி மின்சாரத்தை விட வாரியத்துக்கு மனம் வராது. அனல்மின் நிலையத்தை நினைத்தபோது அணைத்து ஏற்றவும் முடியாது. உற்பத்தியை 55 சதவீதம் வரை இறக்கலாம் என்பது நடைமுறை. 40 சதவீதம் வரை இறக்கும்படி நிலையங்களை மாற்றியமைக்க வேண்டும் என்று 2023இல் விதி வந்தது, வேலை மெதுவாக நடக்கிறது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் காற்று அள்ளிக்கொண்டு வீசும்போது, மின்தொகுப்பு தாங்காது என்று காற்றாலையை நிறுத்தச் சொல்லி வாரியத்திலிருந்து அழைப்பு வரும். அந்த மாதக் கணக்கை எழுதும்போது என் வயிறு எரியும். காற்று இருந்தது, ஆலை இருந்தது, இறக்கை மட்டும் நின்றுவிட்டது.

இந்த நிலையில், 2031-32க்குள் இன்னும் குறைந்தது 80,000 மெகாவாட் அனல்மின் திறன் சேர்க்கப்போவதாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அப்போது தொடங்கும் நிலையத்தின் 25 ஆண்டு ஒப்பந்தம் 2057இல் முடியும். 2070இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியேற்றும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாகும் நிலை, என்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் 2021இல் அறிவித்தார். இடையில் இருப்பது 13 ஆண்டு. அத்தனை நிலையங்களின் நிலைக்கட்டணத்தையும் அதுவரை கட்டப்போவது யார் என்ற கேள்வியை நீங்கள் இப்போதே கேட்டாக வேண்டும்.

அடுத்தது ரயில். ரயில்வே ஏற்றும் சரக்கில் எடைக் கணக்கில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. பயணிகள் கட்டணத்தில் வரும் நஷ்டத்தைச் சரக்கு வருமானம்தான் ஈடுகட்டுகிறது என்பது ரயில்வேயே மறைக்காத செய்தி. நாம் மதுரையிலிருந்து சென்னைக்குக் குறைந்த கட்டணத்தில் போகிறோம் என்றால், அந்தச் சலுகையில் ஒரு பங்கை ஒடிசாவிலிருந்து கிளம்பிய கரி வண்டி கட்டியிருக்கிறது. அந்தக் கரி வண்டியின் வாடகை மறுபடியும் மின்கட்டணத்தில் வந்து சேர்கிறது. ஏழைகள் ஏறும் ரயிலின் கட்டணத்தை உயர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. நிலக்கரி குறைந்தால் ரயில்வேயின் பெட்டியில் விழும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது என்று இன்றே திட்டமிடச் சொல்கிறேன். திட்டம் இல்லாவிட்டால், நிலக்கரி குறைவதை ரயில்வே அமைச்சகமே விரும்பாது.

அப்புறம் மாநிலங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் போன்றவற்றுக்கு நிலக்கரியின் மதிப்பில் 14 சதவீதம் ராயல்டியாகப் போகிறது. கோல் இந்தியா நிறுவனத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தில் மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஆண்டுதோறும் அதிலிருந்து ஈவுத்தொகை வருகிறது. நேரடியாக வேலை பார்ப்பவர்களே இரண்டு லட்சத்துக்கு மேல். ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், சுரங்க வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் அதற்கு மேல். நெய்வேலியைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. நிலம் கொடுத்த குடும்பமும், நிரந்தரமாகாத ஒப்பந்தத் தொழிலாளியும் இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சுரங்கத்தை ஒரு நாள் மூடுவோம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? அவர்களுக்கான மாற்று வேலையும் பணமும் முதலில் பட்ஜெட்டில் வரட்டும்.

வரி விஷயம் என் தொழிலுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் செஸ் போட்டார்கள். 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 ஆனது. உலகில் பல நாடுகள் கார்பன் வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தியா செய்தே காட்டியது. பணம் எங்கே போனது? 2017-18 வரை 86,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானதில், தூய ஆற்றல் நிதிக்கு மாறியது மூன்றில் ஒரு பங்கு போலத்தான். அதிலும் திட்டங்களுக்குச் சென்றது பாதியை ஒட்டி. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறிவிட்டது. தூய ஆற்றலோடு அதற்கு இருந்த உறவு அத்தோடு முடிந்தது.

2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயையும் நீக்கிவிட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். கேட்டால் வரி ஏறியதுபோல் இருக்கும். ஒரு பேச்சுக்கு டன் 1,200 ரூபாய் விலையுள்ள கரியை எடுத்துக் கணக்குப் பாருங்கள். முன்பு ஜிஎஸ்டி 60, செஸ் 400, ஆக 460 ரூபாய். இப்போது 216 ரூபாய். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டன் கணக்கில் போட்ட வரி எல்லாக் கரிக்கும் ஒன்றாக இருந்தது. மதிப்பில் போடும் வரியில், சாம்பல் அதிகமான மட்டரகக் கரிக்குத்தான் குறைவாக விழுகிறது. மின்வாரியத்துக்கு யூனிட்டுக்குச் சில பைசா மிச்சமாகும் என்பது உண்மை, கடனில் தத்தளிக்கும் வாரியத்துக்கு அது தேவையும்கூட. ஆனால் நிலக்கரிப் புகைக்கு நம் நாட்டில் இருந்த விலைக்குறி இப்படி நீங்கியதைப் பற்றி ஒரு முழு நாள் விவாதமாவது நடந்திருக்க வேண்டாமா?

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தில், உமிழ்வைக் குறைத்தே ஆக வேண்டிய துறைகளின் தொடக்கப் பட்டியலில் ஒன்பது இருக்கின்றன. இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் என்று போகும் அந்தப் பட்டியலில் ஜவுளியும் உண்டு. அனல்மின் நிலையங்கள் இல்லை. எங்கள் போன்ற ஆலைகள் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நாட்டு உமிழ்வில் பாதியைத் தரும் துறை வெளியே நிற்க, அது தரும் மின்சாரத்தில் ஓடும் ஆலை உள்ளே நிற்பது எப்படி நியாயம்?

கட்டணத்திலும் ஒரு முரண் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2022 கட்டண ஆணைப்படி, உயரழுத்த ஆலைகளுக்குக் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. வெயில் கொளுத்தும் நண்பகலுக்கு அந்த ஆணையில் தள்ளுபடி எதுவும் இல்லை. சூரிய மின்சாரம் பெருகி வழியும் நேரத்தை விட்டுவிட்டு, பெரும்பாலும் கரியே ஓடும் நடு இரவில் மின்சாரம் எடுக்கச் சொல்கிறது இந்தக் கட்டணம். சூரிய நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் விதி திருத்தியது. விதி எழுதியதோடு நிற்காமல் அது மாநிலங்களில் நடப்புக்கு வர, மின்வாரியத்துக்கு ஏற்படும் இடைக்கால இழப்பைப் பகிர்ந்துகொள்ள மத்திய அரசை நீங்கள் வலியுறுத்தலாம். விவசாய பம்ப்செட்டுக்கும் இது பொருந்தும். இலவச மின்சாரம் தொடரட்டும், அது விவசாயியின் உரிமை. அந்த மின்சாரம் பகலில் சூரியனிலிருந்து வந்தால் வாரியத்தின் செலவும் குறையும், விவசாயியும் நள்ளிரவில் பாம்பு பூச்சிக்குப் பயந்துகொண்டு வரப்பில் நடக்க வேண்டாம். மகாராஷ்டிரம் விவசாய மின்பாதைகளுக்கென்றே சூரிய மின்நிலையங்கள் அமைத்துக்கொண்டிருக்கிறது.

இரவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சேமிப்புதான் வழி. பேட்டரி டெண்டர் விலைகள் 2022இலிருந்து பாதிக்கும் கீழே வந்துவிட்டன. நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம் 500 மெகாவாட், பல ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் இந்தத் திட்டம் ஒரு மாதம் முன்னதாக முடிந்தாலும் அது கணக்கில் தெரியும். தாமதத்துக்கான காரணங்களை நீங்கள் போய் நேரில் பார்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடரில், அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இவற்றை எழுப்புங்கள். மத்திய அரசு, மாநிலங்கள், ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு நிலக்கரியிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு வரவு, யார் யாருக்கு எவ்வளவு என்ற ஒரே அட்டவணை வேண்டும். இன்று அது பல துறைகளின் ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. 25 ஆண்டு கடந்த, கடன் தீர்ந்த அனல்மின் நிலையங்கள் எத்தனை, அவற்றை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேளுங்கள். 2030 வரை எந்த நிலையத்தையும் மூட வேண்டாம் என்று 2023இல் மத்திய மின்சார ஆணையம் சொன்னது. அந்த முடிவு இன்றைய பேட்டரி விலையில் இன்னும் சரிதானா என்று மறு ஆய்வு கோருங்கள். அனல்மின் துறை கார்பன் வணிகத் திட்டத்துக்குள் எந்தத் தேதியில் வரும் என்று பதில் வாங்குங்கள். காற்றும் சூரியனும் நிறுத்தப்பட்ட யூனிட்டுகளின் கணக்கு மாநில வாரியாக மாதந்தோறும் வெளியாகட்டும்.

உங்களில் சிலர் ஆற்றல் துறைக்கான நிலைக்குழுவில் இருக்கலாம், சிலர் நிதிக்குழுவிலும் ரயில்வே குழுவிலும் இருக்கலாம். நிலக்கரி மூன்றிலும் இருக்கிறது. கட்சி பார்க்காமல் மூன்று குழுக்களின் உறுப்பினர்களும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து பேச முடியுமானால், எங்கள் பகுதி நூற்பாலைகளின் மின்கணக்குகளை, பில் நகல்களோடும் காற்றாலை நிறுத்தப்பட்ட மணிக்கணக்கோடும் எடுத்துக்கொண்டு வர நான் தயார். தேதி மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு நூற்பாலைக் கணக்கர்
விருதுநகர் மாவட்டம்